உள்ளே ஓர் உப்புக் கடல்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் தாய் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். சூடு ஏறியிருக்கிறதா, தணிந்திருக்கிறதா என்பதை அந்தக் கை அவளுக்குச் சொல்லிவிடுகிறது. ஏறியிருக்கிறது என்று சொல்லவேண்டுமானால், ஏறாமல் நிற்க வேண்டிய அளவு ஒன்று உண்டு என்பது முன்னமே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் அந்த அளவு ஏறக்குறைய 37 பாகை செல்சியசு. வெளியே எல்லாம் மாறிக்கொண்டிருக்க, உள்ளே ஒன்று மாறாதிருப்பது எப்படி? இக்கேள்விக்கு விலங்குகளின் உடலில் விடை தேடிய ஒரு மனிதரைப் பற்றியும், அந்த விடைக்காகக் கொடுக்கப்பட்ட விலையைப் பற்றியும் இங்கே சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

உடல்நலம் என்பது ஒருவகைச் சமநிலை என்னும் எண்ணம் பழைமையானது. கிரேக்க மருத்துவர்கள் நான்கு நீர்மங்களைப் பற்றிப் பேசினர். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்பது நம் முன்னோர் கொள்கை. ஆனால் உடலுக்குள் எது, எந்த அளவில், எதனால் காக்கப்படுகிறது என்று எடைபோட்டும் அளந்தும் காட்ட 19ஆம் நூற்றாண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த போழொலே பகுதியில், சேன் ஜூலியன் என்னும் சிற்றூரில் 1813ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் பிறந்தவர் கிளோத் பெர்னார். தோட்டத் தொழிலாளரின் மகன். ஊர்ப் பங்குத்தந்தை அச்சிறுவனைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டதோடு இலத்தீன் மொழியையும் கற்பித்தார். பின்னர் அருகிலிருந்த வீல்பிரான்சு நகரில் இயேசு சபையினரின் பள்ளியில் படிப்பு. குடும்பத்தின் வறுமையால் லியோன் நகரின் புறத்தே ஒரு மருந்துக் கடையில் பயிற்சியாளராகச் சேர நேர்ந்தது. புட்டிகளைக் கழுவுவதும், மருந்துகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அங்கே அவர் வேலை. பல சரக்குகள் சேர்ந்த 'தெரியாக்' என்னும் சர்வரோக மருந்து அக்காலத்தில் நன்றாக விற்றது. கெட்டுப்போன சரக்கையும் எஞ்சியதையும் எறியாமல் அதற்கென எடுத்துவைக்கும்படி முதலாளி சொல்வாராம். மருத்துவத்தின் மீது இளைஞருக்கு முதல் ஐயம் பிறந்த இடம் அதுவே எனலாம்.

மாலை வேளைகளில் அவர் நாடகம் எழுதினார். சிறிய நகைச்சுவை நாடகம் ஒன்று லியோனில் மேடையேறியது. அந்த ஊக்கத்தில் வரலாற்று நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டு 1834இல் பாரிசுக்குப் புறப்பட்டார். அங்கே சேன் மார்க் ஜிரார்தேன் என்னும் இலக்கியத் திறனாய்வாளர் கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழில் கற்றுக்கொள், மருந்துக் கடையில் இருந்திருக்கிறாயே, மருத்துவம் படி என்று அறிவுரை கூறினார். மோசமான நாடகங்கள் உலகிற்குச் செய்த நன்மைகளுள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவ மாணவராக அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கொலேஜ் த பிரான்சு என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் பிரான்சுவா மஜாந்தி என்ற உடலியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் 1841இல் உதவியாளராகச் சேர்ந்ததும், அவருடைய கைத்திறனை ஆசிரியர் கண்டுகொண்டார். அந்த ஆய்வுக்கூடம் இருளும் ஈரமும் நிறைந்த நிலவறை போன்றது. பெர்னார் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். பிற்காலத்தில் அவரைப் பிடித்த நோய்க்கும் அந்த ஈரமே காரணம் எனச் சொல்லப்பட்டது.

சர்க்கரை உடலில் எங்கே போகிறது என்பதே அவர் கேட்ட கேள்வி. சர்க்கரையைத் தாவரங்களே உண்டாக்க வல்லன, விலங்குகள் அதை உண்டு அழிக்க மட்டுமே செய்யும் என்பது அன்றைய அறிவியலின் முடிவு. அழியும் இடத்தைக் கண்டுபிடிக்க எண்ணி, 1848இல், இறைச்சி மட்டுமே உண்ட நாயின் இரத்தத்தைச் சோதித்தார். உணவில் சர்க்கரையே இல்லை. எனினும் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. தாம் பயன்படுத்திய சோதனைப் பொருள்கள் பழுதோ என ஐயுற்று மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். ஐயமில்லை. விலங்கின் உடல் தானே சர்க்கரை செய்கிறது. செய்யும் இடம் கல்லீரல்.

இதன் அடுத்த படி 1855இல் வந்தது. கல்லீரலில் உள்ள சர்க்கரையை அவர் வழக்கமாக ஒரே நாளில் இருமுறை அளப்பார். ஒருநாள் நேரமின்மையால் ஓர் அளவை உடனேயும் மற்றதை மறுநாளும் எடுக்க நேர்ந்தது. மறுநாள் எடுத்த அளவு மிகக் கூடியிருந்தது. வேறொருவராக இருந்தால் பிழை என்று ஒதுக்கியிருப்பார். பெர்னாரோ அப்போதுதான் எடுத்த கல்லீரலின் இரத்தக் குழாய்களில் தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரையின் சுவடே இல்லாதவரை கழுவினார். கழுவிய கல்லீரலை ஒருநாள் அப்படியே வைத்தார். மறுநாள் அதில் மீண்டும் சர்க்கரை நிறைந்திருந்தது! கழுவினாலும் போகாத ஏதோ ஒன்று அதற்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பொருளை 1857இல் பிரித்தெடுத்துக் கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

இதன் பொருளை இன்றைய அளவுகளில் பார்த்தால் எளிதாக விளங்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அது முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை 5 கிராம் அளவே, அதாவது ஒரு தேக்கரண்டி. விருந்து உண்டபின் கொஞ்சம் ஏறும். பிறகு இறங்கி இந்த அளவுக்கே வந்து நிற்கும். தவக்கால நோன்பின்போதும் அவ்வளவாகக் குறைந்துவிடாது. மிஞ்சியதைக் கல்லீரல் வாங்கி வைக்கிறது. குறையும்போது எடுத்துக் கொடுக்கிறது. சோறு கொதிப்பதற்கும் பசி எடுப்பதற்கும் இடையே நம் மூளை அறியாமல் நடக்கும் வரவு செலவு இது.

கல்லீரலில் கண்டது பெர்னாரை அதனினும் பெரிய கருத்து ஒன்றிற்கு இட்டுச் சென்றது. குளத்தில் வாழும் ஒற்றைச் செல் உயிரி தன் உணவைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே எடுத்து, கழிவையும் அந்நீரிலேயே விடுகிறது. குளம் வற்றினால் அதன் கதை முடிந்தது. பெரிய விலங்கின் உடலிலோ கோடிக்கணக்கான கோடி செல்கள் உள்ளன. அவை திசுக்களாகவும், திசுக்கள் உறுப்புகளாகவும் கூடியிருக்கின்றன. உள்ளே ஆழத்தில் கிடக்கும் ஒரு செல்லுக்கு உணவும் உயிர்வளியும் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்து ஒரு நீர்மம் நிற்கிறது; இரத்தமும் நிணநீரும் அதை ஓயாமல் புதுப்பிக்கின்றன. நாம் காற்றில் வாழ்கிறோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த செல்களே. நம்முள் உயிருள்ளவை அனைத்தும் நீரில்தான் வாழ்கின்றன. இந்த உள்நீர்மத்திற்குத்தான் பெர்னார் 'அகச்சூழல்' என்று பெயரிட்டார்.

இப்படிப் பார்க்கும்போது உறுப்புகளின் ஒழுங்கமைப்பே புதிய பொருள் பெறுகிறது. நுரையீரல் தனக்காக மூச்சு வாங்கவில்லை. அந்த நீர்மத்திற்கு உயிர்வளி ஊட்டுகிறது. சிறுநீரகம் அதன் உப்பையும் கழிவையும் சீர்செய்கிறது. தோலும் வியர்வையும் அதன் வெப்பத்தைக் காக்கின்றன. நம் உடலில் பாதிக்கு மேல் நீர். அதில் மூன்றில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியே இவ்வாறு சூழலாக நிற்கிறது. அதன் உவர்ப்பைக் கண்ணீரில் சுவைத்திருக்கிறோம். இதைக் கடலுக்கு ஒப்பிடுவது பலரின் வழக்கம். நாமும் தலைப்பில் அதையே செய்திருக்கிறோம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. நம் உள்நீரில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே இது கரிப்புக் குறைந்த கடல் என்று கொள்ள வேண்டும்.

உயிர் வாழும் முறை மூன்று என்றார் பெர்னார். உலர்ந்து தூசியைப் போல் கிடந்து, நீர் பட்டதும் எழும் நுண்ணுயிரிகளின் வாழ்வு ஒன்று. அவற்றின் உயிர் உறங்குகிறது. தவளை, ஓணான் போன்றவற்றின் வாழ்வு இரண்டாவது. வெளியே குளிர்ந்தால் அவையும் குளிர்ந்து மந்தமாகும். வெயில் வந்தால் சுறுசுறுப்படையும். அவற்றின் உயிர் பருவத்திற்கு அடிமை. பறவைகளும் பாலூட்டிகளும் மூன்றாம் வகை. தம் சூழலைத் தம்முள்ளேயே சுமந்து செல்வதால் அவை பனியிலும் பாலையிலும் விருப்பம்போல் நடமாட முடிகிறது. அகச்சூழலின் நிலைபேறே சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்னும் அவருடைய புகழ்பெற்ற கருத்து, 1878இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த விரிவுரை நூலில் இடம்பெற்றுள்ளது.

நிலைபேறு என்றதும் கல்லைப்போல் அசையாதிருப்பது என்று கொள்ளலாகாது. 1950களில் சகாரா பாலையில் ஒட்டகங்களை ஆராய்ந்த நட் ஷ்மிட் நீல்சன் வியப்பான ஒன்றைக் கண்டார். நீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல்வெப்பத்தை விடியற்காலையில் 34 பாகை வரை இறங்க விடுகிறது. பிற்பகலில் 40 பாகைக்கு மேலும் ஏற விடுகிறது. பகலில் சேர்ந்த வெப்பம் இரவுக் குளிரில் தானே வெளியேறுவதால், வியர்வையாகப் போகவேண்டிய நீர் மிச்சமாகிறது. நீரைக் காக்க வெப்பத்தைச் சற்று விட்டுக்கொடுக்கும் சிக்கனம் அது.

இனி நாம் சொல்ல வேண்டியது எளிதன்று.

மேலே கூறிய உண்மைகளுள் பல நாய், முயல், தவளை ஆகியவற்றின் உடலைத் திறந்து பெறப்பட்டவை. உயிரோடிருக்கும்போதே திறந்து. மயக்க மருந்தாகிய ஈதர் 1846இலும் குளோரோபாரம் 1847இலும் மருத்துவத்திற்கு வந்தன. பெர்னார் அவற்றைப் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் எல்லாச் சோதனைகளிலும் இல்லை. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புகளில் தடவும் குராரே என்னும் நஞ்சையும் அவர் ஆராய்ந்தார். அது தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது, உணர்வை அழிப்பதில்லை. அசைய முடியாமல், அலற முடியாமல், எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டே விலங்கு கிடக்கும். இதைக் கண்டுபிடித்து எழுதியவர் பெர்னாரேதான். 1865இல் வெளிவந்த 'சோதனை மருத்துவ ஆய்வுக்கு ஓர் அறிமுகம்' என்னும் நூலில், ஆய்வாளனின் காதில் விலங்கின் ஓலம் விழுவதில்லை, அவன் காண்பது தன் கருத்தை மட்டுமே என்ற பொருள்பட அவர் எழுதியதைப் படிக்கையில் நம் நெஞ்சு துணுக்குறுகிறது. அதே நூலில், பிறருக்கு எத்துணைப் பயன் விளையுமாயினும், தீங்கு தரும் சோதனையை ஒரு மனிதன்மீது செய்வது அறமாகாது என்றும் வரையறுத்துள்ளார். அதே மனிதர், அதே பேனா.

அவர் வீட்டில் ஒருவருக்கு அந்த ஓலம் கேட்டது. 1845இல் அவர் மணந்த ஃபான்னி மார்த்தேன் ஒரு மருத்துவரின் மகள். அவர் கொண்டுவந்த சீதனமே, வருவாயில்லாத அந்த ஆய்வாளரை ஆய்வில் நீடிக்கச் செய்தது. நாய்களின் துன்பம் எந்த ஆய்வுக்குத் துணைநின்றதோ, அந்த ஆய்வுக்குத் தம் பணமும் துணைநின்றது என்பதை அப்பெண்மணி எவ்வாறு தாங்கினாரோ! ஆண் குழந்தைகள் இருவர் சிறுவயதிலேயே இறந்தனர். பெண்மக்கள் இருவரும் தாயின் பக்கம் நின்றனர். 1870ஆம் ஆண்டளவில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். ஃபான்னியும் மகளிரும் விலங்குச் சோதனையை எதிர்ப்போருடன் சேர்ந்துகொண்டனர். பெர்னாரின் வரலாற்றை எழுதியோர் பலர் இம்மனைவியைப் புரிதலற்றவர், சிடுசிடுப்பானவர் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நமக்கு அது நேர்மையாகப் படவில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் நான்கு மாதம் பணியாற்றிய ஜார்ஜ் ஹோகன் என்னும் மருத்துவர், 1875இல் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். நிலவறையிலிருந்து மேலே கொண்டுவரப்படும் நாய்கள் வெளிச்சத்தைக் கண்டு மகிழாமல், அந்த அறையின் வாடை பட்டதுமே நடுங்கியதை அவர் விவரித்திருந்தார். இங்கிலாந்தில் ஏற்கெனவே எழுந்திருந்த கிளர்ச்சிக்கு அக்கடிதம் வலுவூட்டியது. மறு ஆண்டே, 1876இல், விலங்குச் சோதனைக்கு உரிமம் வேண்டும், பொதுவாக மயக்க மருந்தும் வேண்டும் என்னும் சட்டம் அங்கே நிறைவேறியது.

ஒரு காலத்தில் உயிரியல் படித்த நம்மில் பலருக்கு, மெழுகுத் தட்டில் குத்தப்பட்ட தவளையின் நினைவு இருக்கும். அறுத்தபின்னும் அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்ததை மறந்திருக்க மாட்டோம். மதிப்பெண்ணுக்காக அறுத்தோம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்கவும் நலப்படுத்தவும் உதவுமாயின் நியாயமான எல்லைக்குள் விலங்குச் சோதனையை ஏற்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரண் என்கிறது. எல்லை எது, தேவை எது என்ற கேள்வி பெர்னாரின் வீட்டில் கணவன் மனைவிக்கிடையே நின்ற அதே கேள்விதான்.

புகழுக்குக் குறைவில்லை. 1868இல் பிரெஞ்சு அக்காதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. மறு ஆண்டு செனட் சபையில் இடம் கிடைத்தது. இறுதி நாள்களில் சாமிநாதர் சபைக் குருவாகிய தந்தை தீதோன் அவரைச் சந்தித்து உரையாடினார். சிறுவயதின் நம்பிக்கைக்கு அவர் திரும்பினாரா என்பது குறித்து அப்போதே இருதரப்பிலும் வாதம் எழுந்தது. இறப்புப் படுக்கையை வழக்காடு மன்றமாக்க நாம் விரும்பவில்லை. 1878 பெப்ரவரி 10ஆம் நாள் அவர் காலமானார். பிரான்சில் அறிவியலார் ஒருவருக்கு அரசு செலவில் இறுதிச்சடங்கு நடந்தது அதுவே முதல் முறை.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அமெரிக்கரான வால்ட்டர் கேனன். ஆர்வர்டில் மருத்துவ மாணவராயிருந்தபோதே, அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ் கதிரால் பூனைகளின் வயிறு அசைவதைப் பார்த்தார். பூனை அச்சமோ சினமோ கொண்டால் அந்த அசைவு நின்றுவிடும். தடவி அமைதிப்படுத்தினால் மீண்டும் தொடங்கும். மனக்கலக்கம் உடலின் ஆழம்வரை இறங்குகிறது என்று அவர் கண்டது அவ்வாறுதான். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் அதிர்ச்சி நிலையையும் பிரான்சில் ஆராய்ந்தார். அகச்சூழலைக் காக்கும் இந்த ஏற்பாடு முழுமைக்கும் 1926இல் அவர் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார். அகச்சமநிலை எனத் தமிழில் சொல்கிறோம். 1932இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'உடலின் ஞானம்'. அத்தலைப்பு ஆங்கில உடலியலார் ஸ்டார்லிங்கின் 1923ஆம் ஆண்டு உரையிலிருந்து பெற்றது.

பரிவு நரம்புத் தொடரை முழுதும் அகற்றிய பூனைகளைக் கேனன் நெடுநாள் வளர்த்தார். கதகதப்பான ஆய்வுக்கூடத்தில் அவை குறையின்றி வாழ்ந்தன. குளிரில் விட்டாலோ மயிர் சிலிர்க்கவில்லை, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கவில்லை, உடல்வெப்பம் இறங்கியது. வெளியே இடர் இல்லாதவரை உள்ளே நடக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கேனனும் விலங்குச் சோதனையை ஆதரித்து வாதாடியவரே. ஆயினும் 1909ஆம் ஆண்டளவில் ஆய்வுக்கூட விலங்குகளை நடத்த வேண்டிய முறைக்கு விதிகள் வகுத்து, அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் அவற்றை ஏற்கச் செய்தார். இளமையில் பட்ட எக்ஸ் கதிர்கள் அவர் உடலையும் அரித்தன. 1945இல் மறைந்தார்.

உள்ளிருக்கும் கடல் வற்றும் நோய் வாந்திபேதி. சில மணி நேரத்தில் பல லிட்டர் நீரும் உப்பும் குடல் வழியே போய்விடும். 1832இலேயே தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் ஸ்காட்லாந்தில் உப்புநீரை நரம்பின் வழியே ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். மருத்துவ உலகம் அதை விரைவில் கைவிட்டது. வாயால் கொடுத்தால் உடலில் சேர்வதில்லை என்பதே நெடுங்காலக் கருத்து. 1960இல் ராபர்ட் கிரேன், குடற்சுவரில் சர்க்கரை தனியே நுழைவதில்லை, உப்பின் சோடியத்தோடு கைகோத்தே நுழைகிறது என்று விளக்கினார். அதற்கும் சோதனை விலங்கு ஒன்று தேவைப்பட்டது. ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கின் குடல்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உயிர்தப்பி வந்த மக்கள் மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் ஊரில் திரண்டபோது வாந்திபேதி பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிசு என்னும் இளம் மருத்துவர், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கணக்கிட்டார். கல்கத்தாவில் தம் ஆய்வு மையத்தின் நூலக அறையில் அவற்றை எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவித்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில், அந்நீர் பெற்றவர்களுள் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. கரைத்த நீர் பெரிய கலன்களில் வைக்கப்பட்டது. கொடுக்க மருத்துவர்களும் செவிலியரும் போதவில்லை. தாய்மார்களும் உறவினர்களும் குவளைகளில் பிடித்துச் சென்று, தரையில் கிடந்த தம்மவரின் வாயில் சிறிது சிறிதாகப் புகட்டினார்கள்.